படுக்கை போதுமா?

1998ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் ஆலை உற்பத்தியைத் துவக்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர் என்னும் சிறு பட்டணத்திற்கு வேலை நாடி வருவோர் கூட்டம் ஓய்ந்தபாடில்லை. ஆலைகளுக்கு நிலம் கிடைத்தது. தண்ணீரும் மின்சாரமும் கிடைத்தன. அவற்றில் பாடுபடுவோர் இரவில் தலைசாய்க்கும் இடத்தைப் பற்றி வெகுகாலம் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2021 டிசம்பரில், விடுதி உணவால் நோயுற்ற தோழியர் பொருட்டுப் பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையில் அமர்ந்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய்ச் செலவில், பெண் தொழிலாளருக்கென 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பெற்றது. இதை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். எனினும் படுக்கை வேறு, வீடு வேறு. மனைவி மக்களுடன் வாழும் கூலிக்காரனுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அங்கே இடமேது? அவர்கள் ஒண்டுக் குடித்தனங்களில் அடைபட்டுக் கிடக்கின்றனர். ஒரே மின் இணைப்பில் நாலைந்து குடும்பங்கள்! இரு மாதங்களுக்கு 100 யூனிட் வரை சர்க்கார் இனாமாகத் தரும் மின்சாரத்தின் பயன் இவர்களை எட்டுவதில்லை. வீட்டுக்காரர் சொல்வதே யூனிட்டின் விலை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2017இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிய வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் விதிக்கிறது. 'வேறு உடன்பாடு இல்லாதபோது' என்னும் அந்த ஓட்டை வழியே ஏழையின் பாதுகாப்பு முழுவதும் ஒழுகிப் போகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர் எந்த உடன்பாட்டை மறுக்கக்கூடும்?

வீட்டுக்காரரை மாத்திரம் ஏசிப் பயனில்லை. 1960ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின் கீழ் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதைக் கண்டு, வீட்டைப் பூட்டி வைப்பதே மேலெனக் கருதியோர் பலர். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்திய நகரங்களில் காலியாயிருந்த வீடுகள் சுமார் 1.1 கோடி!

2024இல் துவங்கிய மத்திய சர்க்காரின் இரண்டாம் கட்ட நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் வாடகை வீடுகளுக்கும் இடமுண்டு. 'சொந்த வீடு' என்ற பேச்சிலேயே மயங்கி நிற்கும் நம் அரசியல்வாதிகள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஸ்தல ஸ்தாபனங்கள் இத்திட்டத்தைக் கொண்டு, ஆலைகளுக்கு நடந்து செல்லும் தூரத்தில், குடும்பங்களுக்கு வாடகை வீடுகள் கட்டட்டும். அவற்றை ஒருகாலும் விற்கலாகாது. அதுவரை ஊழியர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வார்டு வார்டாகச் சென்று, ஒப்பந்தமின்றிக் குடியிருப்போரையும் தனி மின் இணைப்பு இல்லாத குடித்தனங்களையும் கணக்கெடுத்து, முன்னதை வாடகை அதிகாரியிடமும் பின்னதை மின்வாரியத்திடமும் சேர்ப்பிக்கலாம்.