ஒரு கட்டளைக்கு ஒரே வேலை போதும்

கணினித் துறையில் பயிலும் மாணவர்கள் விரைவிலேயே சந்திக்கும் மென்பொருள் ‘கிட்’. ஒரு திட்டப்பணியில் நாம் பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்து, வேண்டும்போது பழைய பதிப்புக்குத் திரும்ப உதவுகிறது. லினக்ஸை உருவாக்கிய லினுஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். கிள்ளான் பள்ளத்தாக்கின் மென்பொருள் நிறுவனங்களில் தொழிற்பயிற்சி பெற விரும்புவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

ஆனால், கிட் பலரையும் குழப்புகிறது. ‘எனக்குத்தான் மூளை போதவில்லை’ என்று மாணவர்கள் நினைக்க வேண்டியதில்லை. கட்டளைகள் அமைந்த விதத்திலும் குறை உண்டு.

‘செக்அவுட்’ என்ற கட்டளையைப் பாருங்கள். அதன்பின் ஒரு கிளையின் பெயரைத் தட்டச்சு செய்தால், நாம் அந்தக் கிளைக்கு மாறுவோம். பதிவு செய்யாத மாற்றங்கள் அதனால் அழிந்துவிடும் என்றால், கிட் மாற மறுத்து எச்சரிக்கும். அதே கட்டளையின்பின் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதில் பதிவாகாத மாற்றங்களை எந்தக் கேள்வியும் கேட்காமல் நீக்கிவிடும். நாளை அனுப்ப வேண்டிய இடுபணியில் இரவெல்லாம் எழுதிய வரிகள் போனால், கிட்டால் மீட்டுத்தர முடியாது. ஒரே சொல் ஓரிடத்தில் காக்கிறது, மற்றோரிடத்தில் அழிக்கிறது.

நீக்குவதற்கும் ஒரே சொல் இல்லை. கிளையை நீக்க ‘டி’ என்ற ஓர் எழுத்து போதும். தொலைக் களஞ்சிய இணைப்புக்கு ‘ரிமூவ்’. தற்காலிகமாக ஒதுக்கி வைத்த மாற்றங்களுக்கு ‘டிராப்’. ஒன்றைக் கற்றவர் மற்றதை ஊகிக்க முடியாது.

2019 ஆகஸ்டில் வந்த 2.23ஆம் பதிப்பு இதற்கு ஓரளவு தீர்வு தந்தது. வியட்நாமிய நிரலாளர் நுயென் தாய் ஙோக் டுய் எழுதிய இரு புதிய கட்டளைகள் அதில் சேர்ந்தன. கிளை மாற ‘சுவிட்ச்’, கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ‘ரிஸ்டோர்’. ‘ரிஸ்டோர்’ கட்டளையும் மாற்றங்களை அழிக்கும். ஆனால், என்ன செய்யப் போகிறோம் என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. ‘செக்அவுட்’ நீக்கப்படவில்லை. பல ஆண்டுகளாக அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் இருக்கின்றன. பயனர் கைக்குப் போன கட்டளையைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்குக் கட்டளைவழிக் கருவி செய்யும் மாணவர்களே, நிரல் எழுதும் முன் கட்டளைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு வினைக்கு எங்கும் ஒரே சொல்லா? அழிக்கும் முன் கேட்கிறதா? பிழை வந்தால் அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்கிறதா? பிறகு அந்தத் தாளை நண்பரிடம் கொடுத்து, ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று கேளுங்கள். அவர் தவறாக ஊகிக்கும் பெயரை, யாரும் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.