சேறு அப்பினால் ஒளிரும் சாயம்

அமராவதி நகரில் சாயப்பட்டறை வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “நேவி ப்ளூ பாத்தில் பி.எச். தாளை முக்கினால் தாளே நீலமாகிவிடுகிறது. அசிட்டிக் ஆசிட் போதுமா, இன்னும் விட வேண்டுமா என்று எதைப் பார்த்துச் சொல்வது?”

நிறம் மாறும் சாயம் அங்கே உதவாது. ஒளி விடும் சாயம் வேண்டும். 1871இல் வேதியியலர் பையர் உண்டாக்கிய ஃப்ளோரசின் அந்த வகைதான். அமிலத்தில் மங்கும், காரத்தில் பச்சையாகச் சுடர்விடும். ஆனால் என் மனதைப் பறித்தது 1985இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பிரசன்ன டி சில்வாவும் ரூபசிங்கவும் வெளியிட்ட வேலை.

ஆந்த்ரசீன் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். அதோடு ஓர் அமீனை, நடுவே ஒற்றைக் கார்பன் வைத்துக் கோத்தார்கள். எங்கள் தோட்டத்தில் வாய்க்கால் கரையில் எலி வங்கு விழுந்தால், மோட்டார் ஓடினாலும் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வராது. அமீனின் எலக்ட்ரான் அந்த வங்கு. ஆந்த்ரசீன் வாங்கிய ஆற்றல் வெளிச்சமாவதற்குள் அது பாய்ந்து அணைத்துவிடும். அமிலத்திலுள்ள புரோட்டான் வந்து அமீனில் ஒட்டிக்கொண்டால், என் அப்பா ஒரு கை சேறு எடுத்து அப்பிய மாதிரிதான். ஒளி திரும்பிவிடும்.

அதைவிட அழகு, பாகங்கள் தனித்தனி என்பது. பனியனில் கழுத்து ரிப்பை மாற்றினால் உடம்புத் துணி மாறுவதில்லை அல்லவா? அமீனை மாற்றினால் எந்த பி.எச்.சில் விளக்கு எரியும் என்பது மட்டும் மாறும், ஒளியின் நிறம் மாறாது. பக்கத்துத் தீவில் நடந்த இந்த வேலையைச் சொல்லாமல், லிட்மஸ் தாளோடு பாடத்தை மூடிவிடுகிறோமே என்று எனக்கு ஆற்றாமை. சாயத்தைக் கரைத்தே வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எட்ட வேண்டாமா?

ஆனால் கொழும்புச் சாயம் அப்படியே இங்கே ஆகாது. வெள்ளைப் பனியனுக்குப் போடும் வெளுப்பூட்டியும் புற ஊதாவில் நீலமாக ஒளிர்வதால் இரண்டும் கலந்துவிடும். அதனால் வாசகருக்கு நான் சொல்வது பைரனின். மஞ்சள் ஹைலைட்டர் பேனாவில் இருப்பது. உங்கள் ரியாக்டிவ் சாயங்களைத் தண்ணீரில் கரைய வைக்கும் அதே சல்போனேட் இதிலும் மூன்று. 405 நானோமீட்டர் ஒளியை ஒரு முறை, 450ஐ ஒரு முறை பாய்ச்சி, வரும் இரண்டு பச்சை ஒளியின் அளவில் ஒன்றை மற்றதால் வகுத்தால் பி.எச். தெரியும். பைரனின் கூடக் குறைய இருந்தாலும் விகிதம் அசையாது. 7.3ஐ ஒட்டி, மேலும் கீழும் ஓர் அலகு வரை நன்றாகக் காட்டும். பைரனினை பாத்தில் கொட்டாமல், கண்ணாடி இழை நுனியில் ஜெல்லில் பதித்து, மேலே கறுப்புப் படலம் பூச வேண்டும். புரோட்டான் உள்ளே போகும், நேவி ப்ளூவின் நிறம் குறுக்கே வராது.