உங்களுக்குத் தெரியுமா? மீன் தொட்டி ஸ்டாண்டு
நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள மீன் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே சுமார் 255 கிலோ! கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால் 300-ஐத் தாண்டும்.

ஓசூர் சிப்காட் பக்கம் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் ஸ்டாண்டு அடிக்கக் கொடுக்கிறீர்களா? மேல்சட்டம் கால்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கட்டும். பக்கவாட்டில் ஒட்டினால் பாரம் முழுக்க வெல்டிங்கில் தொங்கும். ஆட்டம் நிற்க, பின்பக்கம் ஒரு குறுக்குக் கம்பி.

மேற்பலகைக்கு பிளைவுட் வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும். கிருஷ்ணகிரி கிரானைட் இருக்கும்போது அது எதற்கு? ஆனால் கல்லுக்கு வளையத் தெரியாது. அடியில் நடுச்சட்டம் கட்டாயம். கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே தெர்மாகோல் விரியுங்கள். இடையில் சிக்கிய சிறு கல்துண்டே அடிக்கண்ணாடியில் விரிசல் விழச் செய்யலாம்.