கள்ளும் கூத்தும் கச்சானும்

மேல்நாடுகளிலே குடியேறிய நம்மவர் விடுமுறைக்கு ஊர் திரும்பி, அங்கே தாம் கண்டு களித்தவற்றை எடுத்துரைக்கக் கேட்பது இனிய பொழுதுபோக்காகும். அவர்தம் பேச்சிலே மூன்று சங்கதிகள் தவறாது இடம்பெறும். முதலாவது, திராட்சை மதுவைச் சிறு மிடறுகளாகப் பருகி, அதன் நிறத்தையும் மணத்தையும் சுவையையும் தரம் பிரிக்கும் கூட்டம். இரண்டாவது, பாட்டும் ஆட்டமுமாய் மேடையேறும் இசை நாடகம். மூன்றாவது, வீதியோரத்திலே நிற்கும் வண்டியில் சுடச்சுட வாங்கி உண்ணும் சிற்றுண்டி. இவற்றைக் கேட்கும் வன்னிப் பிள்ளைகள், “நமது ஊரிலே இவையெல்லாம் எங்கே இருக்கின்றன?” என்று ஏங்குவதையும் நான் கண்டிருக்கின்றேன்.

இல்லையென்று யார் சொன்னார்? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இம்மூன்று இன்பங்களும் நெடுங்காலமாக உள்ளன. பெயர்கள்தாம் வேறு. ஆயினும் அங்குள்ளவற்றுக்கும் இங்குள்ளவற்றுக்கும் இடையே ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அது சுவையைப் பற்றியதன்று. அதனைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

தனிப்பனையின் சுவை

1976ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் பாரிஸ் நகரிலே ஒரு போட்டி நடைபெற்றது. ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய மது வணிகர் அதனை ஒழுங்கு செய்தார். பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற மதுக்களும், அப்போது எவரும் பெரிதாக மதியாத கலிபோர்னிய மதுக்களும் பெயர் தெரியாதபடி மறைத்து வைக்கப்பட்டன. சுவைத்துப் புள்ளியிட்ட பிரெஞ்சு நிபுணர், சிவப்பு மதுவிலும் வெள்ளை மதுவிலும் முதலிடத்தைக் கலிபோர்னியாவுக்கே அளித்துவிட்டனர்! பெயரை மறைத்தபோது நாக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

அந்தச் செய்தியை எண்ணியவாறே பூநகரிப் பக்கத்துப் பனங்கூடல் ஒன்றிலே ஒரு காலைப் பொழுதைக் கழித்தேன். பொழுது நன்கு புலருமுன்னரே சீவல் தொழிலாளர் ஒருவர் காலிலே தளைநாரை மாட்டி மரத்தில் ஏறினார். பாளையை மெல்லிதாகச் சீவி, இரவு முழுவதும் துளித்துளியாகச் சேர்ந்த முட்டியை இறக்கினார். பிளாவிலே வார்த்துத் தந்ததைச் சிறிது சுவைத்தேன். முதலிலே இனிப்பு; அதனை அடுத்து நாவின் ஓரங்களிலே ஒரு மெல்லிய சுறுசுறுப்பு; இறுதியாகப் பச்சைக் குருத்தை மென்றாற் போன்றதொரு துவர்ப்பு. அதே மரத்துக் கள்ளை நண்பகலிலே மீண்டும் சுவைத்தபோது இனிப்பு ஒடுங்கி, புளிப்பும் காரமும் தலைதூக்கியிருந்தன.

இவ்வேறுபாட்டின் காரணம் எளிது. பாளையிலிருந்து ஊறும் சாற்றிலே சர்க்கரை மிகுதி. காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் அச்சர்க்கரையை உடனே புளிக்கச் செய்யத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் அது கள். மறுநாள் விட்டுவைத்தாற் காடியாகும் வழியிலே சென்றுவிடும். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசிவிட்டால் நொதித்தல் தடைப்படும்; அப்போது கிடைப்பது கருப்பநீர். சிறுவரும் பெண்டிரும் முதியோரும் பருகத்தக்கது அது. அதனைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே சாறு. ஒரு விரற் சுண்ணாம்பு அதன் கதியை மாற்றிவிடுகின்றது.

பல மரத்துக் கள்ளை ஒன்றாய்க் கலவாது ஒரே மரத்திலிருந்து இறக்குவதைத் தனிப்பனைக் கள் என்று நம்மவர் போற்றுவர். ஒரே தோட்டத்துத் திராட்சையிலிருந்து வடித்த மதுவுக்கு மேல்நாட்டார் தனி மதிப்பு வைப்பதை இது ஒக்கும். ஆனால், அந்த மதுப் போத்தலிலே தோட்டத்தின் பெயரும், வடித்தவர் பெயரும், ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். நமது முட்டியிலே எந்தப் பெயரும் இல்லை. பெயரில்லாததோடு நின்றதா? உயிரைப் பணயம் வைத்து மரமேறியவரைச் சாதியின் பேரால் முற்றத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டு, அவர் இறக்கிய கள்ளை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டது நமது சமூகம். பிறப்பைக் காரணங்காட்டித் தேநீர்க் கடையிலும் கோயிலிலும் ஒருவரைத் தடுப்பது குற்றமெனச் சட்டம் சொல்வதற்கு 1957ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னரும் மனம் மாறப் பல காலம் சென்றது. இன்னும் மாறாத மனங்களும் உள.

கள்ளைப் பற்றி எழுதுவதால் குடியை நான் போற்றுவதாக எவரும் எண்ணற்க. அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நட்பினை ஔவையார் புறநானூற்றிலே நினைந்துருகினார். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென 93ஆம் அதிகாரத்தையே வகுத்தார். இரண்டும் நம் இலக்கியங்களே. மாலையிலே தவறணைக்குச் சென்ற தந்தையை எதிர்பார்த்துப் பட்டினியோடு உறங்கிய பிள்ளைகள் உள்ள நாட்டிலே, வள்ளுவர் சொல்லே குடும்பங்களுக்கு அரண். இளைஞர்க்குக் கருப்பநீர் போதும். ஆயினும் குடியை வெறுப்பது வேறு. தொழிலாளியை இழிவுபடுத்துவது வேறு.

விடியும் வரை ஒரு பாட்டு

அடுத்து இசை நாடகம். 1956ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நியூயோர்க் நகரில் ‘மை ஃபெயர் லேடி’ என்னும் இசை நாடகம் அரங்கேறி உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டு நவம்பரிலே கொழும்பில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள மக்களின் ‘நாடகம’ என்னும் பழைய ஆடல்வடிவத்தைத் தழுவி அது அமைக்கப்பட்டது. அந்த வடிவமோ தமிழ்க் கூத்தின் தொடர்பால் உருவானது என்பது ஆய்வாளர் கருத்து. பின்னர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை 1960களிலே புதுப்பொலிவுடன் அரங்கேற்றியபோதுதான், படித்தவர்கள் கூத்தை நிமிர்ந்து பார்த்தனர்.

வன்னிக்கு உரியது கோவலன் கூத்து. முல்லைத்தீவுப் பகுதியிலே ஆடப்பெறும் இவ்வகையை ‘முல்லை மோடி’ என்பர். கோவலன் கதை இம்மண்ணிலே வேரூன்றியமைக்குக் காரணம், நந்திக்கடற் கரையிலே கோயில் கொண்டிருக்கும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன். மதுரையை எரித்த சீற்றத்தோடு ஈழத்துக்கு வந்த கண்ணகி, மாடு மேய்க்கும் சிறுவர் முன் முதியவளாய்த் தோன்றினாள். விளக்கேற்ற எண்ணெய் இல்லையென அவர்கள் கூறக் கடல்நீரை வார்த்து எரிக்கச் சொன்னாள். அவள் தலையிலே ஆயிரம் கண்களைச் சிறுவர் கண்டனர் என்பது ஐதிகம். அந்நினைவாகவே ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர்க் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்திலே உப்புநீர் விளக்கு ஏற்றப்படுகின்றது. பின்னர் திங்கட்கிழமையன்று வற்றாப்பளையிலே பொங்கல் நிகழ்கின்றது.

இக்கூத்தை நான் பார்த்தது ஒரு நிலாக் காலத்திலே. மத்தளம் முழங்கியதும் கூட்டம் அடங்கியது. அண்ணாவியார் தாளத்தைக் கையிலேந்தி முதலடியை எடுத்துக் கொடுக்க, கூத்தர் அதனைப் பாட, பின்நின்றோர் வாங்கிப் பாடினர். நள்ளிரவுக்குப் பின் சிறுவர் பாயிலே சுருண்டு உறங்கினர். ஆயினும் கோவலன் கொலையுண்ட செய்தி கண்ணகிக்கு எட்டும் இடத்திலே, அருகிலிருந்த மூதாட்டி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை அவருக்குத் தெரியாததா? நூறு தடவை கேட்டிருப்பார். தெரிந்த துயருக்காக மீண்டும் அழச் செய்வதே அக்கலையின் வலிமை என்று அப்போது உணர்ந்தேன். வன்னியிலே கண்ணீர் விடுவதற்குக் கண்ணகி கதை ஒரு சாக்கு மட்டுமே என்றும் தோன்றிற்று.

இசை நாடகத்துக்கும் ஈழத்திலே குறைவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் தமிழகத்திலே வளர்த்த மரபை இங்கே நடிகமணி வி. வி. வைரமுத்து தமது வசந்த கான சபா மூலம் ஊரூராய்க் கொண்டு சென்றார். 1989இல் மறைந்த அவரது அரிச்சந்திர மயான காண்டத்தை எண்ணி உருகுவோர் இன்றும் உளர். அவர் பெயர் நிலைத்தது. ஆனால் ஊர்க் கூத்தின் அண்ணாவிமார் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? நியூயோர்க் நாடகத்திலே திரை இழுப்பவர் பெயரும் அச்சிலே வருகின்றது. நமது களரியிலே கோவலன் பெயரைச் சொல்வோமேயன்றிக் கோவலனாய் ஆடியவரை அடுத்த ஊரார் அறியார்.

மணலிலே வறுபடும் கச்சான்

மூன்றாவது சங்கதி வண்டியுணவு. பொங்கல் நாட்களிலே வற்றாப்பளைக்குச் சென்றோர் கச்சான் கடைகளின் வரிசையை மறக்கமாட்டார்கள். பெரிய தாச்சியிலே மணலைச் சூடாக்கி, அதிலே கச்சானைக் கொட்டி, இடைவிடாது கிளறுவர். மணல் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வெப்பத்தைச் செலுத்துவதால் கோது கருகாமற் பருப்பு வறுபடுகின்றது. இறக்கும் கணத்தை அறிவது கண்ணன்று, காது. கோது வெடிக்கும் ஓசை மாறியவுடன் கை தானாகவே அரிதட்டை நாடும். அருகிலே கச்சான் அல்வா, தும்பு மிட்டாய், சர்பத். இக்கடைகளை நடத்துவோரிற் பெண்களே மிகுதி. ஒரு கோயிலின் திருவிழா முடிந்ததும் மூட்டை முடிச்சுகளை வண்டியிலேற்றி அடுத்த கோயிலுக்குச் செல்வர். சக்கரத்தின் மேல் வாழும் வணிகம் இதுவன்றி வேறெது?

காலையிலும் மாலையிலும் ஒழுங்கைதோறும் வரும் பாண் முச்சக்கர வண்டியை மறந்துவிடலாமா? அது ஒலிக்கும் மெட்டு, பேத்தோவன் என்னும் ஜேர்மானிய இசைமேதை 1810இல் பியானோவுக்காக இயற்றிய ‘ஃபூர் எலிசே’. நமது பிள்ளைகளுக்கு அது வெறும் ‘பாண்காரன் பாட்டு’. பேத்தோவனே வன்னியிலே பெயரிழந்துவிட்டார் என்றால் மற்றவர் கதி என்ன!

ஒரே இடத்திலே நின்று பெண்கள் தம் கையாற் சமைத்து விற்கும் ‘அம்மாச்சி’ உணவகங்களும் வட மாகாணத்திலே அரச ஆதரவுடன் இயங்குகின்றன. குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் தோசையும் அங்கே மலிவாகக் கிடைக்கும். வாங்குவோர் கண்முன்னே சமையல் நடப்பது அவற்றின் சிறப்பு. உண்பவரும் சமைத்தவரும் முகம் பார்த்துக்கொள்ளும் இடம் என்பதே எனக்கு அங்கு மிகப் பிடித்தது.

மரம் வளரும், மனிதர்?

இம்மூன்று இன்பங்களுக்கும் பொதுவானதோர் இயல்பு உண்டு. அவற்றைச் சேமித்து வைத்தல் இயலாது. கள் மாலைக்குள் புளித்துவிடும். கூத்து விடியலோடு முடிந்துவிடும். கச்சான் ஆறினாற் சுவை குன்றும். திராட்சை மது நிலவறையிலே பல்லாண்டு கிடந்து முதிரும். நம்முடையவையோ மனிதரின் கையிலும் தொண்டையிலும் மட்டுமே குடியிருக்கின்றன. ஆகவே மனிதர் போனால் அவையும் போகும்.

அந்த ஆபத்து வன்னிக்கு நேர்ந்தது. 2008ஆம் ஆண்டிலும், போர் முடிவுற்ற 2009 மே வரையிலும், மக்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தனர். பலர் உயிரிழந்தனர். எஞ்சியோர் முகாம்களிலே அடைபட்டனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரிலேதான் மூடப்பட்டது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. கூத்துக் கொப்பிகளும் மத்தளங்களும் கைவிடப்பட்டன. மீண்டு வந்தோர் வெறுங்கையோடு வந்தனர். ஆயினும் மரமேறக் கற்ற கால்களும், பாட்டை மறவாத தொண்டைகளும், வெடிப்பொலியை அறிந்த காதுகளும் அவர்களோடு வந்தமையால் இம்மூன்றும் மறுபடி துளிர்த்தன.

பனை நட்டால் பாளை காண 12 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். போருக்குப் பின் முதன்முதலாக ஊன்றிய விதைகள் இப்போது அப்பருவத்தை எட்டிக்கொண்டிருக்கின்றன. மரம் தன் கடமையைச் செய்துவிடும். ஏறுவதற்கு ஆள் இருப்பாரா என்பதே கேள்வி. தந்தை பட்ட அவமதிப்பைக் கண்ட மகன் அத்தொழிலுக்கு வர விரும்பான். அதிலே தவறும் இல்லை. கூலியும் பாதுகாப்பும் உயர்ந்தாலன்றி எவரையும் அழைக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் கூலியோடு மதிப்பும் சேர வேண்டும். அது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது.

மாணவர்களே, அடுத்த திருவிழாவிலே ஒரு சிறு காரியம் செய்யுங்கள். கச்சான் வாங்கும்போது அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். கூத்து முடிந்ததும் அண்ணாவியாரிடம் சென்று, யாரிடம் பயின்றார் என்று விசாரித்துக் கொப்பியிலே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குப் பனங்கட்டி வந்தால், அது எந்தக் கூடலிலே யார் இறக்கிய கருப்பநீர் என்று தந்தையாரைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் விற்றவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள்.