புரளாத ஏரி

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், சிரக்யூஸ் நகரத்தை விட்டுக் கிழக்கே சிறிது தூரம் போனால் ஃபேயட்வில் என்ற சிற்றூர் வரும். அதை ஒட்டி இருக்கிறது க்ரீன் லேக்ஸ் மாநிலப் பூங்கா. கோடைக்கால வார இறுதிகளில் அங்கே டென்ட் போட வேண்டுமென்றால் வெகு முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். வருபவர்களில் பெரும்பாலோர் நீந்துவார்கள், துடுப்புப் படகு விடுவார்கள், இரவில் விறகு மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்து சோளம் சுட்டுத் தின்பார்கள். அவர்கள் நீந்தும் க்ரீன் லேக் என்ற அதே ஏரியில், 20 மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் துளியும் இல்லை. அங்கே மீன் இல்லை, புழு இல்லை, நத்தை இல்லை. ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்தச் சின்ன ஏரியைப் புவி வேதியியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்துவருவது அந்த அடிநீருக்காகத்தான். பூமியின் இளமைக் காலக் கடல் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க அவர்களுக்கு இதைவிட வசதியான இடங்கள் அதிகம் இல்லை.

அடிநீரின் கதை புரிய வேண்டுமானால், மற்ற ஏரிகளில் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும். குளிர்நாட்டின் ஆழமான ஏரிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை புரளும். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். கோடையில் மேல்நீர் சூடேறி லேசாகி மிதக்கும், குளிர்ந்த நீர் அடியில் தங்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீரும் குளிர்ந்துகொண்டே வந்து அடிநீரின் வெப்பநிலையைத் தொட்டதும், இரண்டுக்கும் எடையில் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அப்போது காற்று பலமாக வீசினால் போதும், ஏரி மேலிருந்து கீழ்வரை கலந்துவிடும். பனிக்கட்டி உருகும் வசந்தத்தில் இன்னொரு முறை இதே கலப்பு நடக்கும். காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன் அடிவரைக்கும் போய்ச் சேர்வதும், அடியில் தேங்கிய சத்துகள் மேலே வந்து பாசிக்கும் மீனுக்கும் உணவாவதும் இப்படித்தான்.

க்ரீன் லேக் புரள்வதில்லை. அதே பூங்காவுக்குள் இருக்கும் ரவுண்ட் லேக்கும் புரள்வதில்லை.

காரணம் இரண்டு. ஒன்று, ஏரியின் வடிவம். கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில், உருகிய பனிநீர் இந்தப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகள் மேல் பேராறுகளாக ஓடி, பெரும் அருவிகளாக விழுந்தது. அருவி விழுந்த இடத்தில் குடைந்த குழிகளே இந்த ஏரிகள் என்பது புவியியலாளர்கள் சொல்லும் விளக்கம். அதனால் பரப்பு குறைவு, ஆழமோ 50 மீட்டருக்கு மேல். கரையிலிருந்து நான்கு எட்டு வைத்தால் கால் தரிக்காத ஆழம். சுற்றிலும் மேடும் அடர்ந்த மரங்களும் காற்றை மறைத்துவிடுகின்றன.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். இந்த வட்டாரத்தின் மண்ணுக்கடியில் ஜிப்சமும் உப்பும் கலந்த களிப்பாறைகள் உண்டு. சிரக்யூஸுக்கே ‘உப்பு நகரம்’ என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் உப்பு ஊற்றுகளை நம்பி வளர்ந்த ஊர் அது. பாறைகளுக்குள் ஊடுருவி வரும் நிலத்தடி நீர் ஜிப்சத்தைக் கரைத்துக்கொண்டு, கால்சியமும் சல்ஃபேட்டும் மிகுந்த கனமான நீராக ஏரியின் நடு ஆழத்தில் சுரக்கிறது. மேல்நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் இந்தக் கனத்துக்கு ஈடாகாது. இலையுதிர் காலக் காற்று மேலே உள்ள ஏறக்குறைய 20 மீட்டரை மட்டும் கலக்கிவிட்டு நின்றுவிடுகிறது.

உப்பு இந்த வேலையைச் செய்யும் என்பதற்கு அதே மாநிலத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. ராச்செஸ்டர் நகரத்தில் பனியை உருக்கச் சாலைகளில் கொட்டிய உப்பு வழிந்து அருகிலுள்ள இரோண்டிகோய்ட் வளைகுடாவில் சேர்ந்தது. 1970-இல் வசந்தக் கலப்பு அங்கே முழுமையாக நடக்காமல் போனதற்கு அந்த உப்பே காரணம் என்று அடுத்த ஆண்டு விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். மனிதர்கள் தெரியாமல் செய்த அந்தக் காரியம் அங்கே கேடு. க்ரீன் லேக்கில் இயற்கை அதையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அதற்குப் பழகிய ஓர் உயிர்க்கூட்டமே அங்கே குடியிருக்கிறது.

அந்தக் கூட்டத்தைப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் படகிலிருந்து குழாயையோ மாதிரிக் குடுவையையோ கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். 10 மீட்டரில் எடுத்த நீர் கண்ணாடிபோல் இருக்கும். 15 மீட்டரிலும் அப்படியே. 20 மீட்டரைத் தாண்டியதும் குடுவைக்குள் இளஞ்சிவப்பு நீர் வரும். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது: ஆக்சிஜன் இல்லாத அடிநீரில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசித்து இதை வெளிவிடுகின்றன. நிறம் ஊதாக் கந்தக பாக்டீரியாக்களுடையது.

இந்த ஊதா பாக்டீரியாக்களின் பிழைப்பு என்னைப் பெரிதும் கவர்ந்தது. இவையும் செடிகளைப்போல ஒளிச்சேர்க்கை செய்கின்றன. ஆனால் செடி தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும். இவை தண்ணீரைத் தொடாமல் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்துகின்றன, ஆக்சிஜன் வெளிவருவதில்லை. வெளிச்சம் மேலேயிருந்து வர வேண்டும், சல்ஃபைடு கீழேயிருந்து வர வேண்டும். மேலே போனால் ஆக்சிஜன், கீழே போனால் இருட்டு. இரண்டும் சந்திக்கும் ஒரு மெல்லிய அடுக்கில் மட்டுமே வாழ முடியும். 20 மீட்டர் தெளிந்த நீரைக் கடந்து வரும் மிச்சச் சொச்ச வெளிச்சத்தை வைத்தே அவை காலம் தள்ளுகின்றன. நீர் புரண்டு ஆக்சிஜன் கீழே இறங்கினால் அந்த அடுக்கே கலைந்துவிடும்.

இதற்கும் பழங்காலக் கடலுக்கும் என்ன தொடர்பு? காற்றில் ஆக்சிஜன் கணிசமாகச் சேரத் தொடங்கியது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன். அதோடு கடலின் ஆழமும் ஆக்சிஜனால் நிறைந்துவிட்டது என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 1998-இல் டொனால்ட் கேன்ஃபீல்ட் என்ற புவி வேதியியலாளர் வேறுவிதமாகச் சொன்னார்: மேற்பரப்பில் ஆக்சிஜன் வந்த பிறகும் கடலின் ஆழம் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆக்சிஜன் இல்லாமல், சல்ஃபைடு மிகுந்து கிடந்திருக்க வேண்டும். பிற்கால ஆய்வுகள் இதைத் திருத்தின. ஆழ்கடலின் பெரும்பகுதியில் கரைந்த இரும்பு மிகுந்திருந்தது, சல்ஃபைடு நீர் கரையோரப் பகுதிகளில் அதிகம் என்று இப்போது கருதுகிறார்கள். எப்படியானாலும் மேலே ஆக்சிஜன், கீழே சல்ஃபைடு என்ற அந்தப் பழைய அடுக்கமைப்பு இன்றும் உயிரோடு இருக்கும் இடங்கள் சில மட்டுமே. கருங்கடல் அவற்றில் பெரியது. க்ரீன் லேக் சிறியது. காலையில் காரை நிறுத்திவிட்டு மாலைக்குள் மாதிரி எடுத்துத் திரும்பிவிடலாம்.

ஊதா பாக்டீரியாக்களுக்கு ஒகினோன் என்ற தனி நிறமி உண்டு. உயிர் இறந்து சேற்றில் புதைந்து பாறையான பிறகும் அதன் மூலக்கூற்றுச் சட்டகம் அழியாமல் எஞ்சும். 2005-இல் ஜோகன் பிராக்ஸும் சக ஆய்வாளர்களும் வட ஆஸ்திரேலியாவில் 164 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் அந்தச் சட்டகத்தைக் கண்டெடுத்தார்கள். அன்றைய கடலிலும் வெளிச்சம் எட்டும் ஆழத்திலேயே சல்ஃபைடு நீர் இருந்தது என்பதற்கு அது தடயம். ஆனால் பாறையில் கிடைப்பதை எப்படிப் படிப்பது? அந்த நிறமி எந்த ஆழத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் உருவாகி எப்படிச் சேற்றில் போய்ச் சேர்கிறது என்று உயிருள்ள ஏரியில் பார்த்தால்தான் பாறையின் கணக்கு விளங்கும். க்ரீன் லேக்கில் அதையும் ஆய்வு செய்திருக்கிறார்கள்.

புரளாத ஏரி என்றதும் சிலருக்கு கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரி ஞாபகம் வரும். 1986 ஆகஸ்ட் 21 இரவு அதன் அடியில் தேங்கியிருந்த கரியமில வாயு பொங்கி வெளியேறி, சுற்று வட்டார ஊர்களில் 1,700-க்கும் மேற்பட்டோர் மூச்சடைத்து இறந்தார்கள். நியோஸ் எரிமலைப் பள்ளத்து ஏரி. அதன் அடியில் எரிமலை வாயு ஊறிக்கொண்டே இருக்கிறது. க்ரீன் லேக்குக்கு அடியில் அப்படி ஒன்றும் இல்லை. பூங்காவில் தூங்குபவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி மேல்நீருக்கு வருவோம். ஏரிக்கு நிறம் நீலப்பச்சை, அதுவும் முதல்முறை பார்ப்பவர்கள் சாயம் கலந்தார்களோ என்று கேட்கும் அளவுக்கு. மே மாதக் கடைசி, ஜூன் மாதத்தில் நீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும். சைனகோகாக்கஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத சயனோபாக்டீரியாவின் வேலை அது. வீட்டில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவு பிடிக்கும் அல்லவா? சூட்டில் நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதால் சுண்ணாம்பு படிகிறது. ஏரியில் சூட்டுக்குப் பதில் சயனோபாக்டீரியா: ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கார்பனை அது உறிஞ்சிக்கொள்ள, அதன் உடலைச் சுற்றியே கால்சியம் கார்பனேட் துகள்களாகப் படிகிறது. தூள்போல மிதக்கும் அந்தத் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அந்த நிறம். துகள்கள் கீழே இறங்கும்போது பாஸ்பரஸையும் ஒட்டிக்கொண்டு போய்விடுகின்றன. பாசி பெருக வழியில்லாமல் ஏரி தெளிவாகவே இருக்கிறது. கரையோரப் பாதையில் நின்று பார்த்தால், எப்போதோ விழுந்து மூழ்கிய மரங்கள் உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சோடு கிடப்பது நன்றாகத் தெரியும்.

ஏரியின் கிழக்குக் கரையில் டெட்மேன்ஸ் பாயிண்ட் என்ற இடம் இருக்கிறது. அங்கே கரையை ஒட்டி, நீருக்குள் திண்ணைபோல ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அது பாறை அல்ல, நுண்ணுயிர்கள் கட்டியது. பாசியும் சயனோபாக்டீரியாவும் சுண்ணாம்பைப் படியவைத்துப் படியவைத்து, கட்டி கட்டியாக வளர்த்த அமைப்பு. த்ராம்போலைட் என்பார்கள். அடுக்கடுக்காக வளரும் அதன் உறவினரான ஸ்ட்ரோமட்டோலைட்டுகளின் புதைபடிவங்கள் ஏறக்குறைய 350 கோடி ஆண்டுப் பழமையானவை. உயிர் இருந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் சேர்ந்தவை. அப்படி ஒன்று, இன்னும் வளர்ந்துகொண்டே, பொதுப் பூங்காவின் நடைபாதை ஓரத்தில் இருக்கிறது.

அதனால்தான் பூங்காவில் அத்தனை கட்டுப்பாடு. வடகோடி மணற்கரையைத் தவிர வேறு எங்கும் நீரில் இறங்கக் கூடாது. டெட்மேன்ஸ் பாயிண்டில் கால் வைக்கக் கூடாது, நங்கூரம் போடக் கூடாது. முகாமுக்கு வரும் சில பெற்றோர் பிள்ளைகள் முன்னால் இந்த விதிகளைச் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உதிரும் சுண்ணாம்புக் கட்டியை ஒரு மிதி போதும் உடைக்க. அது மறுபடி வளர ஒரு மனித ஆயுள் போதாது. மாநில அரசு 1928-இல் இந்த நிலத்தை வாங்காமல் இருந்திருந்தால் ஏரிக்கரை இன்று வீட்டு மனைகளாகியிருக்கும். கழிவுநீர்த் தொட்டிகளோடு எந்த அடுக்கும் தப்பியிருக்காது. 1930-களின் வேலையில்லாத காலத்தில் அரசு வேலைத்திட்ட முகாமில் சேர்ந்தவர்கள் இங்கே பாதைகளும் மரக்குடில்களும் கட்டினார்கள். ரவுண்ட் லேக் 1973-இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அடியில் புழுபூச்சி இல்லாததால் இன்னொரு லாபமும் உண்டு. மற்ற ஏரிகளில் சேற்றைப் புழுக்கள் கிளறிவிடும். இங்கே கோடையில் இறங்கும் வெள்ளைச் சுண்ணாம்பும் மற்ற மாதங்களில் இறங்கும் கருஞ்சேறும் விழுந்தது விழுந்தபடி கிடக்கின்றன. வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, ஓர் ஆண்டு. ஏரிப்படுகையில் குழாயைச் செருகி எடுத்தால் ஆண்டுகளை விரல்விட்டு எண்ணலாம். அந்தந்த ஆண்டின் மகரந்தமும் மண்ணும் கூடவே கிடைக்கும்.

டென்ட் போடும் இடங்கள் ஏரிக்கரையில் இல்லை. மேட்டில், மரங்களுக்கு நடுவே. கீழே இறங்கி வர நடக்க வேண்டும். ரவுண்ட் லேக்கைச் சுற்றிக் கோடரி படாத பழங்காடு சிறிது மிஞ்சியிருக்கிறது: டுலிப் மரம், சர்க்கரை மேப்பிள், ஹெம்லாக். பூங்காவின் சுண்ணாம்புச் சரிவுகளில் ஹார்ட்ஸ் டங் என்ற அரிய பெரணியும் உண்டு. நாக்கைப்போல நீண்ட, பிளவில்லாத இலை. தாவரவியலாளர் ஃபிரெடெரிக் புர்ஷ் 1807-இல் சிரக்யூஸ் பக்கத்தில் இதை முதலில் கண்டார். 1989 முதல் அமெரிக்காவில் சட்டப் பாதுகாப்பு பெற்ற தாவரம் இது. பாதையை விட்டு விலகி நடந்தால் அதன் மேல்தான் மிதிப்போம்.

போகிறவர்கள் விறகை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டாம். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத நிற வண்டு ஒன்று 2002-இல் டெட்ராய்ட் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, 2009-இல் நியூயார்க்கிலும் தென்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் இருந்து மரத்தின் சத்துக்குழாய்களைத் தின்றுவிடும். தானாகப் பறந்து அது அதிக தூரம் போவதில்லை. முகாமுக்கு வருபவர்களின் கார் டிக்கியில் விறகோடு விறகாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடுகிறது. ஆகவே சூடேற்றிப் பதப்படுத்தாத விறகை அது வெட்டப்பட்ட இடத்திலிருந்து 50 மைலுக்கு அப்பால் எடுத்துச் செல்ல மாநிலச் சட்டம் தடை விதிக்கிறது. பூங்காவை ஒட்டிய சாலைகளிலேயே கட்டுக் கட்டாக விற்கிறார்கள். அங்கே வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கட்டில் மிஞ்சுவதைத் திருப்பி எடுத்து வராமல் அங்கேயே எரித்துவிட வேண்டும்.