சிவப்பு பல்பு போட்டால் 36 படமும் காலி! வீட்டிலேயே பிலிம் கழுவுவது எப்படி?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் போட்டோ கழுவுவார். தட்டில் கதாநாயகியின் முகம் மெல்லத் தெரியும்.

அது பிலிம் அல்ல, அச்சுப் போடும் காகிதம்! அந்தக் காகிதத்தைச் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது. ஆனால் கறுப்பு-வெள்ளை பிலிமில் பெரும்பாலானவை எல்லா நிறத்தையும் "பார்க்கும்". சிவப்பு பல்பில் பிரித்தால், "அய்யோ போச்சே!" என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் தயாரித்த "இந்து" பிலிமை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. தெருவுக்குத் தெரு இருந்த ஸ்டூடியோக்களும் குறைந்துவிட்டன. ஆசைக்காக பிலிம் போடுகிறவர்கள் குளியலறையையே இருட்டறை ஆக்கிக்கொள்கிறார்கள்.

கும்மிருட்டு

இருட்டு தேவைப்படுவது சில நிமிடம்தான். பிலிமை உருளையில் சுற்றி, வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூடும் வரை. மூடியபின் விளக்கைப் போடலாம். கதவு இடுக்கில் துணி திணியுங்கள். செல்போனை வெளியே வையுங்கள். நடுவில் மினுங்கினால் தீர்ந்தது! வீணான பிலிம் ஒன்றை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை சுற்றிப் பழகுங்கள்.

ஐஸ் கட்டி எதற்கு?

டெவலப்பருக்கு ஏற்ற சூடு 20 டிகிரி. இல்போர்டு எச்.பி.5 பிலிமுக்கு, தண்ணீர் சேர்க்காத டி-76 கரைசலில் ஏழரை நிமிடம். சென்னைக் குழாயில் மே மாதம் வருவதோ வெந்நீர்! சூடு கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக விழக்கூடும்.

கரைசலில் ஐஸ் போடாதீர்கள், நீர்த்துப்போகும். ஐஸ் தண்ணீர் வாளியில் பாட்டிலை நிறுத்துங்கள். முதல் அரை நிமிடம் டப்பாவைத் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு நிமிடத்துக்கு 10 விநாடி போதும்.

ஹைப்போ பரீட்சை

அடுத்து ஒரு அலசு. பிறகு ஹைப்போ. வெளிச்சம் படாத வெள்ளி உப்பை இது கரைக்கும் என்று 1819-லேயே கண்டவர் ஜான் ஹெர்ஷல்.

ஹைப்போவுக்கு உயிர் இருக்கிறதா? பிலிம் நுனியில் ஒரு துண்டு வெட்டிப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி போல் தெளிய எத்தனை நிமிடமோ, அதில் இரட்டிப்பு நேரம் பிலிமுக்கு. துண்டு தெளியவே இல்லையா? புது ஹைப்போ கலக்குங்கள்.

தண்ணீர்ப் பஞ்சமா?

குழாயைத் திறந்துவிட வேண்டாம். டப்பாவை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 முறை. கடைசியாக 20 முறை. தீர்ந்தது வேலை! பிலிமைக் கிளிப்பில் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்துங்கள். ஈரத்தில் தூசி ஒட்டினால் போகாது.

ஜாக்கிரதை!

டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலருக்கு அரிப்பு தரும், கையுறை அவசியம். சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தை எடுத்துக் குடித்துவிடும்! பழைய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது, சாக்கடையில் கொட்டாதீர்கள். வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வார்த்தை. பீரோவில் அப்பா எடுத்த, கழுவாத ரோல் கிடக்கிறதா? உறையில் சி-41 என்று இருந்தால் அது வேறு முறை. கறுப்பு-வெள்ளையே ஆனாலும் அதில் கை பழகாதீர்கள். புது ரோலில் தெருவையும் கோயில் கோபுரத்தையும் எடுத்து, இரண்டு மூன்று தடவை கழுவிப் பாருங்கள்.

கோபுரத்தை நாளைக்கும் எடுக்கலாம். அப்பா எடுத்த படத்தை மறுபடி எடுக்க முடியுமா?