கரணை பிடித்த கைக்கு ஒரு அட்டை

1984-ல் அரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெங்களூர் வந்து இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். கட்டடம் எழும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்குவோம். கட்டடம் முடிந்தால் கொட்டகையும் இடம் மாறும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு இது தம் கதையாகவே தோன்றும். இன்று நான் லேபர் காண்ட்ராக்ட் எடுத்து வேலை நடத்துகிறேன். "மாமா, இந்தத் தொழிலுக்கு இனி எதிர்காலம் உண்டா?" என்று என் அக்காள் மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அந்த நாளில் சைஸ் கல்லால் அஸ்திவாரம், செங்கல் சுவர், கையால் குழைத்த கலவை. தளம் போடும் நாளில் முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவார்கள். இன்று ரெடிமிக்ஸ் லாரி வருகிறது, குழாய் வழியே கலவை மாடிக்கு ஏறுகிறது. ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட், செங்கலுக்குப் பதில் சிமெண்ட் பிளாக். பெரிய அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சு பொருத்திச் சுவரையும் தளத்தையும் ஒரே சமயத்தில் வார்த்துவிடுகிறார்கள். அங்கே கல் கட்டும் வேலையே இல்லை. பூச்சு வேலையும் மிகக் குறைவு.

ஆட்களும் மாறிவிட்டார்கள். பெரிய இடங்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், வங்காளத்துப் பிள்ளைகளே அதிகம். அவர்கள் இல்லாமல் இந்த ஊர் எழும்பாது என்பது 2020 மே மாதத்தில் தெரிந்தது. ஊரடங்கில் தவித்தவர்கள் ஊர் திரும்பப் புறப்பட்டபோது, கட்டுமான நிறுவனத்தாருடன் நடந்த பேச்சுக்குப் பின் கர்நாடக அரசு சிறப்பு ரயில்களை நிறுத்தியது. கண்டனம் எழவே சில நாட்களில் மீண்டும் விட்டது. உழைப்பவன் எவ்வளவு தேவைப்படுகிறான், அவன் விருப்பம் எவ்வளவு குறைவாகக் கேட்கப்படுகிறது என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன.

அப்படியானால் நம்மவர்க்கு வேலை இல்லையா? உண்டு. 2011 அக்டோபர் 20-ல் முதல் மெட்ரோ ஓடிய இந்த ஊரில் தூண்கள் இன்னும் எழுந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே கம்பி வேலை, அச்சு பொருத்துதல், இயந்திரம் ஓட்டுதல் தெரிந்தவர்களுக்குக் கிராக்கி உண்டு. தனி வீடுகளிலும் பழைய வீட்டைப் புதுப்பிப்பதிலும் நம் கொத்தனார்களின் கை இன்னும் ஓங்கியே நிற்கிறது. ஒழுகும் மாடியைச் சரிசெய்வதையும், குளியலறைத் தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் பார்த்து டைல் பதிப்பதையும் இயந்திரம் செய்யாது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் அறிந்த கை வேண்டும். ஆகவே தொழில் அழியவில்லை. வெறும் சுமை தூக்கும் வேலைதான் சுருங்குகிறது. வரைபடம் படிக்கத் தெரிந்தவன், கைத்திறனுக்கு அரசுச் சான்றிதழ் பெற்றவன் பிழைத்துக்கொள்வான்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. என் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் மண் சுமந்தார். கலவைப் பதம் அப்பாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கரணையை ஒருவரும் அவர் கையில் கொடுக்கவில்லை. சித்தாளாக வந்த பெண் சித்தாளாகவே ஓய்கிறாள். சுமை வேலை குறையும்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவளும் அவள்தான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1996-ல் வந்த சட்டங்களின்படி கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்கென வசூலாகிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பணம் செலவாகாமல் தேங்கிக் கிடப்பதை 2018-ல் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. 18 வயது முதல் 60 வயதுக்குள், ஓராண்டில் 90 நாள் வேலை செய்தவர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையை வைத்துத்தான்.

என்னிடம் பதினேழு ஆண்டுகள் வேலை செய்த கொத்தனார் ஒருவர், 90 நாள் சான்றில் கையெழுத்துக் கேட்டு இரண்டு முறை வந்தார். "அடுத்த வாரம் பார்க்கலாம் அண்ணே" என்றேன். கையெழுத்துப் போட்டால் ஏதாவது வம்பு வருமோ என்ற பயம். அடுத்த வாரம் வரவேயில்லை. அவருக்கு அறுபது கடந்துவிட்டது. இப்போது முழங்கால் வலியோடு மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டால் இன்றும் "வாங்க தம்பி" என்றே அழைக்கிறார். அந்த அழைப்பைக் கேட்கும்போது எனக்குத் தலை நிமிர்வதில்லை.

அன்பர்களே, நம்மில் வீடு கட்டுவோரும் காண்ட்ராக்ட் எடுப்போரும் அந்தச் சான்றைத் தயங்காமல் கொடுங்கள். மாதம் ஒரு ஞாயிறு நம் சங்கத்தில் படித்த பிள்ளைகள் உட்கார்ந்து, விண்ணப்பம் எழுதவும் புதுப்பிக்கவும் உதவினால் பல குடும்பங்களின் முதுமை காப்பாற்றப்படும். முதல் ஞாயிறு நானே பேனாவோடு வருகிறேன். அக்காள் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.